அட்மிஷன் நாளில் போட்ட கையெழுத்து

பாம்பன் சின்னப்பாலத்தில், மூங்கில் மிதவையில் கட்டி வளர்க்கிற பாசிக்கு என்ன பெயர் என்று கேட்டுப் பாருங்கள். 'பெப்சி பாசி' என்பார்கள். கப்பாபைகஸ் என்ற விஞ்ஞானப் பெயர் அங்கே யார் வாயிலும் நுழைவதில்லை. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெப்சிகோ நிறுவனம் ஒப்பந்த முறையில் அதை இந்தக் கரையில் வளர்க்க வைத்தது. அப்போது ஒட்டிக்கொண்ட பெயர். உண்மையில் அந்த நாற்றை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து, நம் கடலில் அது பிழைக்குமா என்று ஆண்டுக்கணக்கில் வளர்த்துப் பார்த்தது மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிலையம். மண்டபத்தில் அதற்கு ஒரு கிளை உண்டு. பெப்சிகோ 2008 வாக்கில் அந்தத் தொழிலைக் கைமாற்றிவிட்டுப் போய்விட்டது. பெயர் மட்டும் போகவில்லை.

அதே பாசியைப் பச்சையாகவே அரைத்துப் பிழிந்து, சாற்றைப் பயிருக்குத் தெளிக்கும் உரமாகவும் சக்கையை உணவைக் கெட்டியாக்கும் கராஜீனன் எடுக்கவும் பயன்படுத்தும் முறைக்கு 2005ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. கண்டுபிடிப்பாளர்கள் என்ற இடத்தில் பத்துக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளின் பெயர்கள். உரிமையாளர் என்ற இடத்தில் ஒரே பெயர்: சிஎஸ்ஐஆர், அதாவது அந்த ஆராய்ச்சி நிலையத்தைத் தனக்குள் வைத்திருக்கும் மத்திய அரசின் அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழுமம். கண்டுபிடித்தவர்கள் ஒரு வரியில், சொந்தக்காரர் இன்னொரு வரியில். ஊர் வாயில் நிற்பதோ இந்த இரண்டு வரியிலும் இல்லாத ஒரு கம்பெனி.

சிஎஸ்ஐஆர் கதை சுலபமானது. அங்கே இருப்பவர்கள் ஆராய்ச்சி செய்வதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள், அதன் பலன் நிறுவனத்துக்கு என்பது தெரிந்தே சேருகிறவர்கள். பல்கலைக்கழகம் அப்படியல்ல. அங்கே பேராசிரியர் பாடம் நடத்தச் சம்பளம் வாங்குகிறார், கூடவே ஆராய்ச்சியும் செய்கிறார். மாணவர் சம்பளமே வாங்குவதில்லை, பீஸ் கட்டுகிறார். பீஸ் கட்டுகிறவரின் யோசனைக்குக் கல்லூரி எப்படிச் சொந்தம் கொண்டாட முடியும்?

இந்தக் கேள்வி ராமநாதபுரம் கரைக்கு ஏதோ தூரத்து விவகாரம் என்று நினைக்க வேண்டாம். அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடல்சார் படிப்புகள் தொண்டியில் நடக்கின்றன. கீழக்கரையிலும் ராமநாதபுரத்திலும் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. மண்டபம் முகாமில் 1940களிலிருந்தே மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நடக்கிறது. எங்கெங்கோ எம்எஸ்சி படிக்கும் பிள்ளைகள் புராஜெக்ட் செய்ய அங்கே வந்து மாதக்கணக்கில் தங்குகிறார்கள். இப்போது வளமாவூரில் 127.71 கோடி ரூபாய் மதிப்பில் கடற்பாசிப் பூங்கா வேறு வருகிறது. பாசியை வைத்துச் சோதனைக் குழாயில் எதையாவது கண்டுபிடிக்கப்போகும் பிள்ளைகளின் எண்ணிக்கை இனி கூடத்தான் செய்யும்.

முதலில் ஒரு சொல் சிக்கலை அவிழ்த்துவிடலாம். நம் பத்திரிகைகள் பேட்டன்டுக்கும் காப்புரிமை என்கின்றன, காப்பிரைட்டுக்கும் காப்புரிமை என்கின்றன. பாதிக் குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. இந்தக் கட்டுரையில் காப்புரிமை என்றால் பேட்டன்ட். எழுத்து, பாடக்குறிப்பு, படம், மென்பொருள் நிரல் இவற்றுக்கு உள்ளது பதிப்புரிமை. பின்னது எழுதிய கணத்திலேயே வந்துவிடும், பதிவுகூட வேண்டாம். முன்னதை விண்ணப்பித்து, பரிசோதனையில் தேறி, ஆண்டுதோறும் கட்டணம் கட்டிக் காப்பாற்ற வேண்டும். அப்படிக் காப்பாற்றினாலும் 20 ஆண்டுதான்.

பதிப்புரிமையில் சட்டம் ஓரளவு பேசியிருக்கிறது. 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, வேலை ஒப்பந்தத்தின் கீழ், அந்த வேலையின் பகுதியாக ஒருவர் எழுதியது முதலாளிக்குச் சொந்தம். வேறு மாதிரி ஒப்பந்தம் இருந்தால் அது செல்லும். அப்படியென்றால் பேராசிரியரின் பாடக்குறிப்பு? பாடம் நடத்துவது அவர் வேலை. குறிப்பை எழுதி வைத்துக்கொள்வதும் வேலையா? 1952ல் இங்கிலாந்து நீதிமன்றம் ஒரு வழக்கில், நிறுவனத்தில் பணியாற்றியவர் ஆற்றிய சொற்பொழிவுகள் அவருக்கே சொந்தம் என்றது. நிறுவனம் கொடுத்த வேலைக்காக அவர் எழுதிய பகுதி மட்டும் நிறுவனத்துக்குப் போனது. நம் கல்லூரிகளிலும் வழக்கம் கிட்டத்தட்ட இதுதான். பேராசிரியர் போடும் புத்தகத்தின் ராயல்டியை யாரும் கேட்பதில்லை. (கேட்டால் வாங்குவதற்குப் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது என்பது வேறு விஷயம்.) சிக்கல் வந்தது வீடியோ பாடங்கள் வந்த பிறகு. ஒருமுறை பதிவு செய்துவிட்டால் ஆசிரியர் இல்லாமலேயே வகுப்பை ஓட்டலாம் என்று ஆனதும், அது யாருடையது என்ற கேள்விக்கு விலை வந்துவிட்டது.

காப்புரிமையில்தான் பெரிய மௌனம். இங்கிலாந்தின் 1977ஆம் ஆண்டுச் சட்டம் ஊழியரின் கண்டுபிடிப்பு எப்போது முதலாளிக்குப் போகும் என்று வரையறுத்திருக்கிறது. நம் 1970ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படி ஒரு வார்த்தைகூட இல்லை. உண்மையான, முதல் கண்டுபிடிப்பாளர் விண்ணப்பிக்கலாம், அல்லது அவரிடமிருந்து எழுத்து மூலம் உரிமை பெற்றவர் விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான். ஆக, உரிமை பிறப்பது கண்டுபிடித்த ஆளிடம். அது பல்கலைக்கழகத்துக்குப் போவதென்றால் ஒரு காகிதத்தின் வழியாகத்தான் போக முடியும். அந்தக் காகிதம் எங்கே, எப்போது கையெழுத்தானது என்பதுதான் முழு விஷயமும்.

நான் கல்லூரியில் சேர்ந்த நாள் நினைவுக்கு வருகிறது. வராந்தா பெஞ்சில் அப்பாவும் நானும். ராகிங் செய்ய மாட்டேன், வாகனம் கொண்டுவர மாட்டேன், விதிகளுக்குக் கட்டுப்படுவேன் என்று ஒரு கட்டுக் காகிதம். பென்சிலில் டிக் போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டோம். வாசித்துப் பார்க்க நினைத்தாலும் பின்னால் நின்ற வரிசை விடாது. 'அவ்வப்போது வகுக்கப்படும் கொள்கைகள் அனைத்துக்கும்' என்று ஒரு வரி அதில் இருந்தது என்பதைப் பல ஆண்டு கழித்து, பீரோவைச் சுத்தம் செய்தபோதுதான் பார்த்தேன். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட அதே கட்டுத்தான்.

அந்தக் 'கொள்கைகள்' என்ற சொல்லுக்குள்தான், காப்புரிமையும் பதிப்புரிமையும் யாருக்கு என்று சொல்லும் அறிவுசார் சொத்துக் கொள்கையும் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் கொள்கையைத் தானே எழுதிக்கொள்ள வேண்டும். வழிகாட்டியாக மத்திய அரசு 2019ல் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்குமான தேசியப் புத்தாக்க, ஸ்டார்ட்அப் கொள்கையை வெளியிட்டது. அது சொல்வது: கல்லூரியின் வசதியையோ பணத்தையோ கணிசமாகப் பயன்படுத்தினால், அல்லது பாடத்திட்டத்தின் பகுதியாக உருவானால், உரிமை கண்டுபிடிப்பாளருக்கும் நிறுவனத்துக்கும் கூட்டு. கல்லூரி வசதியைத் தொடாமல், ஆசிரியர் வேலை நேரத்துக்கு வெளியேயும், மாணவர் பாடத்திட்டத்துக்கு வெளியேயும் செய்தால், முழுக்கக் கண்டுபிடிப்பாளருக்கு. தகராறு வந்தால் இரண்டு ஆசிரியர்கள், இரண்டு முன்னாள் மாணவர்கள் அல்லது தொழில்துறை நிபுணர்கள், ஒரு சட்ட ஆலோசகர் என்று குறைந்தது ஐந்து பேர் குழு பார்க்க வேண்டும்.

படிக்க நியாயமாகத்தான் இருக்கிறது. 'கணிசமாக' என்ற சொல்லில்தான் எல்லாம் தொங்குகிறது. நூலகமும் வைஃபையும் கணிசமா? பல கொள்கைகள் இல்லை என்கின்றன. லேபில் இரவு பத்து மணிக்கு மேல் ஓட்டிய உலர்த்தும் கருவி? அங்கே ஆளுக்கு ஒரு பதில் கிடைக்கும்.

ஒரு கற்பனை மாணவியை வைத்துப் பார்க்கலாம். தொண்டிப் பக்கம் கடல் சார்ந்த எம்எஸ்சி படிக்கிறாள். மழைக்காலத்தில் கருவாட்டில் பூஞ்சணம் பிடிப்பது அவள் வீட்டிலேயே பார்த்த தொல்லை. கஞ்சிப்பாசியிலிருந்து எடுத்த சாற்றோடு வேறு ஒன்றைச் சேர்த்து, கருவாட்டின் மேல் மெல்லிய பூச்சாகப் பூசினால் பல வாரம் தாங்குகிறது என்று கண்டுபிடிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். புராஜெக்டாகச் செய்ததால் 2019 கொள்கைப்படி கூட்டு உரிமை. 'பாதி எனக்குத்தானே, போதும்' என்று அவள் நினைக்கலாம்.

காப்புரிமைச் சட்டத்தின் 50ஆம் பிரிவை அவளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கூட்டு உரிமையாளர் ஒவ்வொருவரும் அந்தக் கண்டுபிடிப்பைத் தானே தயாரித்து விற்கலாம், மற்றவருக்குக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் வேறொருவருக்கு உரிமம் கொடுக்கவோ தன் பங்கை விற்கவோ மற்றவரின் சம்மதம் வேண்டும். மாணவியிடம் தொழிற்சாலை இல்லை. தூத்துக்குடியில் ஒரு கம்பெனி அதைக் கேட்டு வந்தால், பல்கலைக்கழகத்தின் சம்மதம் இல்லாமல் அவள் தலையாட்ட முடியாது. அந்தச் சம்மதம் சிண்டிகேட் என்ற நிர்வாகக் குழுவின் கூட்டம் வரை போய்த் திரும்புவதற்குள் கம்பெனி வேறு வேலையைப் பார்க்கப் போய்விடும். எனவே கொள்கையில் எத்தனை சதவீதம் என்பதைவிட, யார், எத்தனை நாளில் சம்மதம் தருவார் என்ற வரி இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன்.

அடுத்த கண்ணி கைடு. நம் ஊரில் பேப்பர் போடும்போது கைடு பெயர் சேருவது மரபு. துறைத் தலைவர் பெயர் சேருவதும் உண்டு. காப்புரிமையில் இந்த மரியாதைக் கணக்கு செல்லாது. எண்ணத்துக்கு உண்மையிலேயே பங்களித்தவர்தான் கண்டுபிடிப்பாளர். லேபைத் திறந்துவிட்டவரும், தலைப்புக் கொடுத்தவரும், கையெழுத்திட்டவரும் அதனாலேயே கண்டுபிடிப்பாளர் ஆகிவிட மாட்டார்கள். கைடு மாணவியின் பெயரை விட்டுவிட்டு விண்ணப்பித்தால் என்ன செய்வது? தன்னிடமிருந்து தவறாகப் பெறப்பட்டது என்று 25ஆம் பிரிவின்படி எதிர்ப்புத் தெரிவிக்கலாம். பெயர் மட்டும் சேர்ந்தால் போதும் என்றால் 28ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவில் பெயர் சேர்ந்ததால் மட்டும் உரிமையில் பங்கு வந்துவிடாது. இதற்கெல்லாம் தேதி போட்ட லேப் நோட்டு வேண்டும். பக்கத்தைக் கிழிக்காத, கைடு வாராவாரம் கையெழுத்திட்ட நோட்டு. ரெக்கார்டு நோட்டை நாம் மார்க்குக்காகக் கடைசி வாரத்தில் உட்கார்ந்து எழுதுவோமே, அது உதவாது.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு நடந்தது இதைவிட விசித்திரம். அவளுடைய பைனல் இயர் புராஜெக்டின் தலைப்பிலேயே ஒரு விண்ணப்பம், காப்புரிமை அலுவலகம் வெளியிடும் இதழில் வெளியாகியிருந்தது. கண்டுபிடிப்பாளர்கள் எட்டுப் பேர், வெவ்வேறு மாநிலக் கல்லூரிகளைச் சேர்ந்தவர்கள். ஒருவரையும் அவளுக்குத் தெரியாது.

இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. கல்வி நிறுவனங்களுக்கு மத்திய அரசு போடும் என்ஐஆர்எஃப் தரவரிசையில் காப்புரிமைக்கு மதிப்பெண் உண்டு. கிடைத்ததற்கு மட்டுமல்ல, விண்ணப்பம் வெளியானதற்கும். விண்ணப்பம் 18 மாதத்தில் தானாக வெளியாகும். படிவம் 9 போட்டால் சீக்கிரமே வெளியாகிவிடும். 2021 முதல் கல்வி நிறுவனங்களுக்குக் கட்டணத்தில் 80 சதவீதத் தள்ளுபடி. ஆன்லைனில் 8,000 ரூபாயாக இருந்த விண்ணப்பக் கட்டணம் 1,600 ஆனது. நல்ல நோக்கம்தான். கலாம் பிறந்தநாளான அக்டோபர் 15 அன்று, 2020ல், அவர் பெயரில் 'கபிலா' என்ற திட்டமும் கல்லூரிகளின் விண்ணப்பங்களுக்குக் கைகொடுக்கத் தொடங்கப்பட்டது. ஆனால் மலிவாக விண்ணப்பித்து, விரைவாக வெளியிட்டு, மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டு, பரிசோதனைக்கே போகாமல் விட்டுவிடும் பழக்கமும் கூடவே வளர்ந்துவிட்டது. கண்டுபிடிப்பாளர் பட்டியலில் ஓர் இடம் இத்தனை ரூபாய் என்று வாட்ஸ்அப் குழுக்களில் விளம்பரம் ஓடுகிறது. வெளியான விண்ணப்பம் வெறும் விண்ணப்பம், காப்புரிமை அல்ல. கல்லூரி வாசலில் பேனர் கட்டுகிறவர்களுக்கு இது தெரியாமல் இல்லை.

சரி, நம் கருவாட்டு மாணவிக்கு வருவோம். அவளுடைய கண்டுபிடிப்பு பெரும்பாலும் திருட்டுப் போகாது. அதைவிடச் சாதாரணமாக, தேதி தவறித்தான் சாகும். காப்புரிமைக்குக் கண்டுபிடிப்பு புதிதாக இருக்க வேண்டும். விண்ணப்பிப்பதற்கு முன் வெளியில் சொல்லிவிட்டால் அது புதிதல்ல. சொன்னவர் அவளே என்றாலும் அப்படித்தான். இதழில் கட்டுரை, கருத்தரங்கில் போஸ்டர், பொது வைவா என்று எல்லாமே வெளியில் சொன்ன கணக்கு. அமெரிக்காவில் ஓர் ஆண்டு சலுகை உண்டு, ஐரோப்பாவில் அது கிட்டத்தட்ட இல்லை. இங்கே 31ஆம் பிரிவில் கற்றோர் சங்கத்தில் வாசித்த கட்டுரை போன்ற சிலவற்றுக்கு மட்டும் 12 மாதம். சாதாரண ஆய்விதழில் வெளியிட்டுவிட்டு அதை நம்பி உட்காரக் கூடாது. பிஎச்டி ஆய்வேடு என்றால் இன்னும் ஒரு படி: பட்டம் வழங்கும் முன் அதை, ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் ஷோத்கங்கா தளத்தில் ஏற்ற வேண்டும் என்பது யுஜிசி விதி. ஏறிவிட்டால் உலகம் முழுக்கப் படிக்கலாம்.

பேப்பர் போடாமல் பிஎச்டி நகராது, பேப்பர் போட்டால் காப்புரிமை போய்விடும் என்று இதைப் பூதாகரமாகச் சொல்வார்கள். உண்மையில் இடைப்பட்ட வழி இருக்கிறது. கண்டுபிடிப்பை விவரிக்கும் தற்காலிக விவரக்குறிப்போடு முதலில் ஒரு விண்ணப்பம் போட்டுத் தேதியைப் பிடித்துக்கொண்டால், முழு விவரக்குறிப்பைத் தர 12 மாதம் கிடைக்கும். அடுத்த நாளே கட்டுரையை அனுப்பலாம். வேண்டியது, கட்டுரையை அனுப்பும் முன் பல்கலைக்கழகத்தின் அறிவுசார் சொத்துப் பிரிவில், இன்னதைக் கண்டுபிடித்திருக்கிறேன் என்று தெரிவிக்கும் ஒரு வெளிப்படுத்தல் படிவம். அந்தப் பிரிவு அலமாரியும் பெயர்ப்பலகையுமாக மட்டும் இருக்கும் இடங்களில்தான் மூச்சு முட்டுகிறது. அண்ணா பல்கலைக்கழகம், சென்னை ஐஐடி மாதிரியான இடங்களில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். கரையோரக் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியர் ஒருவரே இதற்கும், விளையாட்டு விழாவுக்கும், நாட்டு நலப்பணித் திட்டத்துக்கும் பொறுப்பாக இருப்பார்.

மாணவி மண்டபத்திலோ ஒரு கம்பெனியிலோ மூன்று மாதம் பயிற்சிக்குப் போனால் மூன்றாவது கை உள்ளே வருகிறது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் வழக்கை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். அங்கே ஓர் ஆய்வாளர், உரிமையை எழுதித் தர 'ஒப்புக்கொள்கிறேன்' என்று ஸ்டான்போர்டிடம் கையெழுத்திட்டிருந்தார். ஒரு நுட்பம் கற்றுக்கொள்ள சீட்டஸ் என்ற கம்பெனிக்குப் போனபோது, 'இதன் மூலம் எழுதித் தருகிறேன்' என்ற காகிதத்தில் கையெழுத்திட்டார். முதலாவது வாக்குறுதி, இரண்டாவது கிரயம். சீட்டஸின் அந்தத் தொழிலை வாங்கிய ரோஷ் என்ற மருந்துக் கம்பெனி, உரிமையில் தனக்கும் பங்கு என்றது. பல்கலைக்கழகங்களுக்குச் சாதகமாக 1980ல் வந்த பே-டோல் சட்டம் இருக்கிறதே என்று ஸ்டான்போர்டு வாதிட்டுப் பார்த்தது. அரசுப் பணத்தில் நடந்த ஆய்வு என்பதற்காக உரிமை தானாகப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடாது, அது முதலில் கண்டுபிடித்தவரிடம்தான் இருக்கும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2011ல் சொல்லிவிட்டது. ஜெர்மனி எதிர்த்திசையில் போனது: பேராசிரியர் கண்டுபிடித்தது பேராசிரியருக்கே என்ற பழைய சலுகையை 2002ல் நீக்கிவிட்டது. நம் நாடாளுமன்றத்திலும் பே-டோல் சாயலில் 2008ல் ஒரு மசோதா வந்தது. வருமானத்தில் கண்டுபிடிப்பாளருக்குக் குறைந்தது 30 சதவீதம் என்று அதில் இருந்தது. கடைசியில் திரும்பப் பெறப்பட்டது. அதனால் இன்றும் நம்மிடம் இருப்பது காகிதங்கள்தான்.

இதுவரை பல்கலைக்கழகச் சுவருக்குள் நடப்பது. இந்தக் கரையில் சுவருக்கு வெளியே இன்னொரு தரப்பு இருக்கிறது. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு முங்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்து பாசியும் கட்டக்கோரையும் பறிக்கிற பெண்கள். எது எங்கே எந்த மாதத்தில் வளரும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். ஆராய்ச்சிக்கு மாதிரி எடுக்க வருகிறவர்கள் முதலில் தேடுவது இவர்களைத்தான். கஞ்சிப்பாசி என்ற பெயரே அதைக் கஞ்சி காய்ச்சிக் குடித்த பழக்கத்தைச் சொல்கிறது.

நம் மாணவிக்கு அந்தப் பூச்சு யோசனை, ஒரு பாட்டி பேச்சுவாக்கில் சொன்னதிலிருந்து வந்தது என்று வைத்துக்கொண்டால் கணக்கே மாறிவிடும். பாரம்பரிய அறிவுக்கும், அதைத் திரட்டியோ அப்படியே திருப்பிச் செய்தோ பெறுவதற்கும் காப்புரிமை இல்லை என்கிறது 3ஆம் பிரிவின் ஒரு உட்பிரிவு. உள்ளூர்ச் சமூகத்தில் வாய்மொழியாகவே புழங்கி வந்த அறிவு என்று காட்டினாலும் 25ஆம் பிரிவின்படி விண்ணப்பத்தை எதிர்க்கலாம். வாய்மொழி என்று சட்டமே சொல்வதால் எழுதி வைக்கவில்லையே என்ற சாக்குச் செல்லாது. மஞ்சள் கதை எல்லோருக்கும் தெரியும். காயத்துக்கு மஞ்சள் பூசுவதற்கு 1995ல் அமெரிக்கக் காப்புரிமை கொடுத்து, சிஎஸ்ஐஆர் போராடி 1997ல் ரத்தானது. பலர் கவனிக்காதது, அதை வாங்கியது மருந்துக் கம்பெனி அல்ல, மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் மருத்துவ மையம்.

பாட்டி சொன்னதற்கு மேல் மாணவி உண்மையிலேயே புதிதாக ஒன்றைச் சேர்த்திருந்தால் அந்தச் சேர்மானத்துக்கு வழி உண்டு. ஆனால் பாசி இந்திய உயிரிவளம். 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி சென்னையில் உள்ள தேசிய ஆணையத்தின் பக்கம் போயாக வேண்டும். 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி இந்தியர்கள் காப்புரிமை கிடைக்கும் முன் பதிவு செய்தால் போதும், வணிகமாக்கும்போது அனுமதி வாங்க வேண்டும். இதே கரையின் பெப்சி பாசியை ஏற்றுமதி செய்ததற்காகப் பெப்சிகோ 30 லட்சம் ரூபாய்க்கும் மேல் அந்த ஆணையத்துக்குப் பங்குத்தொகையாகக் கட்டியிருக்கிறது. ஆராய்ச்சி உயிரினம் கடல் அட்டை என்றால் கதை வேறு: 2001 முதல் அது புலிக்குச் சமமான பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது, அனுமதியில்லாமல் கையில் வைத்திருந்தாலே வழக்கு.

காப்புரிமைக்கான படிவம் 1ல் கண்டுபிடிப்பாளர்களின் பெயர், முகவரிக்குக் கட்டங்கள் இருக்கின்றன. கீழே, இந்தியாவிலிருந்து பெற்ற உயிரிப்பொருளைப் பயன்படுத்தியிருக்கிறோம், உரிய அனுமதியைக் காப்புரிமை வழங்கும் முன் தருவோம் என்று ஓர் உறுதிமொழி. விவரக்குறிப்பில் அந்தப் பொருள் எந்த இடத்திலிருந்து வந்தது என்று எழுத வேண்டும். எழுதாமல் விட்டாலோ தவறாக எழுதினாலோ அதுவே எதிர்ப்புக்கு ஒரு காரணம். மாணவி அங்கே 'மன்னார் வளைகுடா, ராமநாதபுரம் மாவட்டம்' என்று எழுதுவாள். பாட்டியின் பெயர் ஆய்வேட்டின் நன்றியுரையில் வரலாம், கைடு அந்தப் பக்கத்தைச் சுருக்கச் சொல்லாமல் இருந்தால்.